பேரு கேட்டாச்சா, அடுத்தது கட்சி: வெளியூர் போற நம்ம குமரி பிள்ளைகளுக்கு சில யோசனை

எழும்பூர்ல அனந்தபுரி எக்ஸ்பிரஸ்ல ஏறி, பைய சீட்டுக்கு அடியில தள்ளி, தண்ணி பாட்டில கொக்கியில மாட்டி ஒரு மூச்சு விடுறதுக்குள்ள எதிர் சீட்டுக்காரர் ஆரம்பிச்சிருவாரு. எங்கம்மா போறீங்க, இரணியல் சார், அது எங்க இருக்கு, நாகர்கோவில் தாண்டி, ஓ கன்னியாகுமரி பக்கமா, பேரு என்னம்மா. நான் பேர சொல்லுவேன், சுத்தமான பைபிள் பேரு, பின்னாடி வர்ற அப்பா பேரும் பைபிள் பேரு. அப்ப ஒரு "ஓஓஓ" வரும். கண்ணு ஒரு தடவ நெத்திக்கு போகும், பொட்டு இல்ல. அவ்வளவுதான், தாம்பரம் வர்றதுக்குள்ள எங்க பாட்டாவுக்கு பாட்டா எதுக்கு மதம் மாறுனாரு, எங்க சபைக்கு எங்கருந்து பணம் வருது, நான் எந்த சின்னத்துல குத்துனேன், எல்லாத்தையும் அவரே முடிவு பண்ணி முடிச்சிருப்பாரு. நான் இன்னும் டிக்கெட்ட கூட பைக்குள்ள வைக்கல.

நம்ம மாவட்டத்துக்காரங்க எல்லாருக்கும் இந்த "ஓ" தெரியும், ஆளுக்கு ஆள் ரகம்தான் வேற. என் கூட படிச்சவ ஒருத்தி அய்யாவழி குடும்பம், அய்யா வைகுண்டர கும்பிடுறவங்க, அவ அண்ணன் நெத்தியில தீச்சுடர் மாதிரி வெள்ள நாமம் இழுத்துட்டு பெங்களூர்ல வேலைக்கு போனான், முதல் வாரமே ஒருத்தன் "ஜி நம்ம ஆளா"ன்னு தோள்ல கை போட்டிருக்கான், இன்னொருத்தன் அதே நாமத்த பாத்து "சங்கி வந்துட்டான்"னு பின்னாடி சொல்லியிருக்கான். ரெண்டு பேருக்கும் அய்யாவழிக்காரங்களோட தலைமைப்பதி சாமிதோப்பு எங்க இருக்குன்னே தெரியாது. தக்கலைல எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற அக்காவுக்கு வேற ரகம், அவங்க முஸ்லிம், தலையில தட்டம் போட்டிருப்பாங்க, கோயம்புத்தூர்ல கேட்ட முதல் கேள்வியே "தமிழ் நல்லா பேசுறீங்களே, வீட்ல உருதுவா?" அவங்க வீட்ல உருதுல ஒரு வார்த்த தெரிஞ்ச ஆள் கிடையாது. சூஃபி ஞானி பீர்முகமது அப்பா எழுதின ஞானப்புகழ்ச்சிய தர்காவுல ராத்திரி முழுக்க உக்காந்து தமிழ்ல பாடுற ஊரு அது.

பதினஞ்சு வருஷமா சென்னைல இருக்கேன், இதுல நிறைய சொதப்பியிருக்கேன், கொஞ்சம் கத்துக்கிட்டேன். இப்ப எங்க அக்கா மக வெளியூர் காலேஜுக்கு போறா, அவளுக்கு போன்ல சொன்னதத்தான் இங்க எழுதுறேன். வரிசையா வராது, பொறுத்துக்கிடுங்க.

முதல்ல, அந்த ஓ எந்த ரகம்னு பாருங்க

கேக்குறவங்க எல்லாரும் எதிரி இல்ல மக்கா. பாதி பேருக்கு நிஜமாவே தெரியாது, தெரிஞ்சுக்கணும்னு ஆசை. இன்னும் கொஞ்ச பேருக்கு வண்டியில பொழுது போகணும். மிச்சம் கொஞ்சம்தான் வம்புக்குன்னு வர்றது. எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, தெரியாம கேக்குறவங்க கேள்விய கேட்டுட்டு உங்க மூஞ்சிய பாப்பாங்க, பதிலுக்கு காத்திருப்பாங்க. வம்புக்கு வர்றவங்க கேள்வி கேக்கும்போதே அடுத்த வாக்கியம் வாயில தயாரா இருக்கும், நீங்க என்ன சொன்னாலும் அத சொல்லியே தீருவாங்க. நான் சோதிக்கிறதுக்கு ஒரு சின்ன வேல செய்வேன், பதில் சொல்றதுக்கு முன்னாடி வேணும்னே நாலு செகண்டு சும்மா இருப்பேன், தண்ணி குடிப்பேன். தெரியாதவங்க "தப்பா கேட்டுட்டனோ"ன்னு கூச்சப்படுவாங்க. வம்புக்காரங்க அந்த நாலு செகண்டையும் அவங்களே பேசி நிரப்பிருவாங்க. ரகம் தெரிஞ்சிட்டா பாதி வேல முடிஞ்சது, ஏன்னா ரெண்டாவது ரகத்துக்கு பதில் சொல்லி ஜெயிச்சவங்கள நான் இதுவரைக்கும் பாத்தது இல்ல.

சாமியும் ஓட்டும் ஒரே முடிச்சுல இருக்கும், அவுத்து விடுங்க

"நீங்க கிறிஸ்டியனா, அப்ப காங்கிரஸா இருக்கும்." பாருங்க, ஒரே மூச்சுல ரெண்டு. முதல் பாதிக்கு ஆமான்னு தலைய ஆட்டுனா ரெண்டாவது பாதிக்கும் ஆமான்னு ஆயிரும், இல்லன்னு சொன்னா முதல் பாதியையும் மறுத்த மாதிரி. அதனால பிரிச்சு சொல்லணும். நான் சொல்றது இதுதான்: "ஆமா சார், சிஎஸ்ஐ. ஓட்ட பத்தி நான் எங்க வீட்ல கூட சொல்றது இல்ல." சிஎஸ்ஐன்னா தென்னிந்திய திருச்சபை. சிரிச்சுட்டே, ஆனா நிறுத்தி. நிறைய பேரு அதோட விட்டுருவாங்க. விடாதவங்களுக்கு இன்னொண்ணு வச்சிருக்கேன், 1951 மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்துல 94வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, தேர்தல்ல யாருக்கு ஓட்டு போட்டன்னு சொல்ல சாட்சிக்கூண்டுல நிக்குற ஆளக்கூட கட்டாயப்படுத்த முடியாதுன்னு. "கோர்ட்லயே கேக்க முடியாத கேள்விய எஸ் நாலு கோச்ல கேக்குறீங்களே சார்"னு சொன்னா பக்கத்து சீட்டு ஆளுங்களும் சிரிச்சிருவாங்க, சூடு இறங்கிரும்.

சாமியப் பத்தின பாதிக்கு மட்டும் மழுப்பாதீங்க. நான் ஆரம்பத்துல பேர சுருக்கி சொல்லி பாத்தேன், ஒரு தீபாவளி சமயம் சின்னதா பொட்டு கூட வச்சு பாத்தேன், வீடு தேடும்போது. ஊருல வைக்கிற சிஎஸ்ஐ பெண்கள் இருக்காங்க, அது அவங்க இஷ்டம், அழகாவும் இருக்கு. நான் வச்சது பயந்துபோய். அன்னைக்கு முழுக்க நெத்தியில எறும்பு ஊர்ற மாதிரியே இருந்துச்சு.

"நாங்க அந்த மாதிரி இல்ல" ன்னு மட்டும் சொல்லிராதீங்க

இதுதான் நான் எழுத உக்காந்ததே. மத்தத மறந்தாலும் பரவால்ல, இத வாசிங்க.

ரெண்டாவது வீடு தேடும்போது ஒரு ஹவுஸ் ஓனரம்மா, நல்ல மனுஷிதான், காப்பி எல்லாம் குடுத்து, வாடகை பேசி, அட்வான்ஸ் பத்து மாசம்னு சொல்லி, கடைசில தயங்கி தயங்கி, "தப்பா நினைக்காதம்மா, நீங்க வீட்ல கூட்டம் கூட்டி மைக் வச்சு ஜெபம் எல்லாம் பண்ணுவீங்களா"ன்னு கேட்டாங்க. எனக்கு அன்னைக்கு ஏழாவது வீடு அது. கால் வலி, புரோக்கர் வேற மூஞ்சிய பாக்குறான். நான் டக்குனு சொன்னேன், "ஐயோ இல்ல ஆன்ட்டி, அதெல்லாம் பெந்தெகோஸ்துகாரங்க, நாங்க சிஎஸ்ஐ, ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு போவோம் வருவோம், அவ்வளவுதான், அந்த மாதிரி ஆளுங்க இல்ல." அந்தம்மா மூஞ்சில அப்படி ஒரு நிம்மதி. வீடு கெடச்சிட்டு.

ஒரு வருஷம் கழிச்சு மேல்வீடு காலி ஆச்சு. என் ஆபீஸ்ல ஒரு பொண்ணு, தூத்துக்குடிக்காரி, பெந்தெகோஸ்து, வெள்ள சுடிதார் போட்டுட்டு ஒரு நகையும் இல்லாம வரும், பூனை மாதிரி சத்தமே இல்லாத பிள்ள. நான்தான் அந்த வீட்ட பத்தி சொல்லி அனுப்புனேன். ஓனரம்மா வீடு இல்லன்னு சொல்லிட்டாங்க. நான் போய் கேட்டேன், ஏன் ஆன்ட்டி, ரொம்ப நல்ல பிள்ளயேன்னு. அவங்க சொன்னாங்க, "நீதானம்மா சொன்ன, அவங்கதான் அந்த மாதிரின்னு."

எனக்கு பதிலே இல்ல. அந்த பிள்ள முகத்த மறுநாள் ஆபீஸ்ல எப்படி பாத்தேன்னு இப்பவும் தெரியல.

எல்லா பக்கமும் இந்த கண்ணி இருக்கு. "நான் இந்துதான், ஆனா அந்த மாதிரி சங்கி இல்ல", "நாங்க முஸ்லிம்தான், ஆனா அந்த மாதிரி ஆளுங்க இல்ல", "கத்தோலிக்கர்தான், ஆனா மதம் மாத்துற ஆளுங்க கிடையாது". எதிர்ல இருக்கிறவங்க கையில ஒரு நல்ல பிள்ள சர்டிபிகேட் வச்சிருக்காங்க, அத வாங்க நாம பக்கத்துல நிக்குறவன தூக்கி குடுக்குறோம். வாங்குன சர்டிபிகேட்டும் நிலைக்காது, அடுத்த மாசம் எங்கயாச்சும் ஒரு நியூஸ் வந்தா திருப்பி கேப்பாங்க.

அப்ப என்ன சொல்லணும்? கேட்ட விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்க, ஆள இழுக்காதீங்க. இப்ப யாராவது கேட்டா, "சத்தம்தான் உங்க கவலன்னா ராத்திரி ஒம்பதுக்கு மேல எங்க வீட்ல டிவி கூட ஓடாது ஆன்ட்டி, அத வேணா அக்ரிமென்ட்ல எழுதிக்கலாம்"னு சொல்லுவேன். சத்தம் பிரச்சனைன்னா சத்தத்த பேசுவோம். சத்தம் பிரச்சனை இல்லன்னா அது அப்பவே தெரிஞ்சிரும், பத்து மாச அட்வான்ஸ் குடுத்த பிறகு தெரியறதுக்கு இது கொள்ளாம். வாடகைக்கு வீடு தர மாட்டேன்னு சொல்ற ஆள சட்டத்த காட்டி வழிக்கு கொண்டு வர்றது நடைமுறைல ரொம்ப கஷ்டம், அதனால அங்க வெப்ராளப்பட்டு நிக்காதீங்க, அடுத்த தெருவுக்கு போங்க. ஏற்கனவே அங்க குடியிருக்கிற நம்ம ஊரு ஆளுங்க மூலமா போனா கதவு கொஞ்சம் சீக்கிரம் திறக்கும்.

வரலாறு கையில இருக்கணும், ஆனா எல்லா இடத்துலயும் எடுக்கக்கூடாது

"அரிசி மூட்டைக்கு மாறுனவங்க"ன்னு ஒரு ஆள் சொன்னாரு, அதுவும் இதே வண்டியில. எனக்கு அன்னைக்கு வயசு இருபத்தஞ்சு, ரத்தம் கொதிச்சுது. மதுரை வர்றது வரைக்கும் கிளாஸ் எடுத்தேன். தேவசகாயம் பிள்ளைல ஆரம்பிச்சேன், நட்டாலத்துக்காரர், திருவிதாங்கூர் அரண்மனை உத்தியோகம், 1745ல ஞானஸ்நானம், 1752 ஜனவரி 14ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலைல சுட்டுக் கொன்னாங்க, இருந்த உத்தியோகமும் போச்சு உசுரும் போச்சு, இதுல எங்க சார் அரிசி வருதுன்னு. (2022 மே 15ல போப் அவர புனிதரா அறிவிச்சது இந்த சண்டைக்கு அப்புறம்தான் நடந்துச்சு, இல்லன்னா அதையும் சொல்லியிருப்பேன்.) அப்புறம் 1806ல மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே, அப்புறம் தோள்சீலை போராட்டம். கீழ்சாதின்னு ஒதுக்குன பெண்கள் மாருக்கு மேல துணி போடக் கூடாதுன்னு இருந்த ஊர்ல அவங்க அடி வாங்கி, துணி கிழிபட்டு, பல வருஷம் போராடி 1859ல ராஜா உத்தரவு வந்தது, அதுல கிறிஸ்தவ பெண்களும் இருந்தாங்க இந்து பெண்களும் இருந்தாங்க. அதே காலத்துலதான் அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டிட்டு வாங்கடான்னு சொன்னது, தலையில துணி கட்ட விடாத ஆளுங்கள தலைப்பாகையோட சாமி கும்பிட வச்சது, கும்பிடுற இடத்துல கண்ணாடிய வச்சு உன் முகத்தையே பாருன்னது. ஒரே அவமானத்துக்கு ஒரு வீட்டு அண்ணன் ஒரு வழி போனான், தம்பி இன்னொரு வழி போனான், ரெண்டு பேர் பிள்ளைகளும் இன்னைக்கு ஒரே பஸ்ல தொங்கிட்டு போறாங்க, இத விட்டுட்டு அரிசி மூட்டைங்கிறீங்களேன்னு கேட்டேன்.

அண்ணாச்சி விருதுநகர்ல நல்லா குறட்டை விட்டு தூங்கிட்டாரு. காலைல இறங்கும்போது சொல்றாரு, "எப்படி இருந்தாலும் நீங்க நல்ல பிள்ளம்மா."

அதனால நான் இப்ப செய்றது, வரலாற கேட்டவங்களுக்கு மட்டும் சொல்றது. அதுவும் ஒண்ணே ஒண்ணு. ஒரு ஆளுக்கு ஒரு கதைதான் மண்டையில நிக்கும், அஞ்சு சொன்னா அஞ்சும் போயிரும். எந்த கதைன்னு கேட்டா அவங்க ஊருக்கு பக்கத்துல வர்ற கதையா எடுங்க. "அரை மலையாளி"ன்னு கேலி பண்றவங்களுக்கு நான் 1954 ஆகஸ்ட் 11 சொல்லுவேன், மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் திருவிதாங்கூர் பக்கத்துல இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேரணும்னு கேட்டு நின்னவங்க மேல போலீஸ் சுட்டுச்சு, மார்ஷல் நேசமணி தலைமையில எல்லா மதத்துக்காரங்களும் நின்னு, 1956 நவம்பர் 1ல தான் நாங்க இந்த பக்கம் வந்தோம், நீங்க தமிழனா பிறந்தீங்க, நாங்க கேட்டு வாங்குனோம் அப்படின்னு. இதுக்கு இதுவரைக்கும் யாரும் திருப்பி பேசுனது இல்ல.

ஒண்ணு மட்டும், 1982 மண்டைக்காடு மதக்கலவரம் பத்தி முன்ன பின்ன தெரியாத ஆளுங்ககிட்ட பேசாதீங்க. பேசுறவன் யாரும் அங்க இருந்தவனா இருக்க மாட்டான். அத பாத்தவங்க, எங்க அப்பா வயசு ஆளுங்க, எந்த பக்கத்துக்காரங்களா இருந்தாலும் அத எடுத்தா சாயா கிளாச கீழ வச்சிட்டு எழும்பி போயிருவாங்க. கமிஷன் அறிக்கை இருக்கு, வேணும்னா வாசிக்கட்டும்.

சலுகை பேச்சு வந்தா

"உங்களுக்கென்ன, மைனாரிட்டி, எல்லாம் கெடைக்கும்." இத படிச்சவங்கதான் அதிகமா சொல்லுவாங்க. இதுல உண்மை தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது, ஏன்னா நம்ம ஆளுங்களுக்கே தெரியாது. தலித் ஒருத்தர் கிறிஸ்தவரா மாறுனா எஸ்சி அந்தஸ்து போயிரும், 1950 ஜனாதிபதி உத்தரவு அப்படி. 1956ல சீக்கியர சேத்தாங்க, 1990ல பௌத்தர சேத்தாங்க, கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் கிடையாது, நம்ம தமிழ்நாட்டுல அப்படி மாறுன ஆதிதிராவிட கிறிஸ்தவங்க பிசி பட்டியல்ல வருவாங்க. 2007ல தமிழ்நாட்டுல முஸ்லிமுக்கு 3.5, கிறிஸ்தவருக்கு 3.5 சதவீதம்னு தனியா குடுத்தாங்க, அடுத்த வருஷமே கிறிஸ்தவங்க கேட்டுக்கிட்டதால அவங்க பங்கு திருப்பி எடுக்கப்பட்டுச்சு, அதுல லாபத்த விட நஷ்டம்தான் அதிகம்னு. இத சொன்னா "அப்படியா?"ன்னு நிஜமா ஆச்சரியப்படுற ஆளுங்க இருக்காங்க, அவங்ககிட்ட பேசலாம், பைய பேசலாம்.

அப்புறம் கட்சி

நம்ம மாவட்டத்த ஒரு மதம் ஒரு கட்சின்னு நினைக்கிறவங்களுக்கு சொல்ல வேற எதுவும் வேண்டாம், எம்பி லிஸ்ட் போதும். 1969 இடைத்தேர்தல்ல காமராஜர நாகர்கோவில்தான் டெல்லிக்கு அனுப்புச்சு. 1999ல பாஜக, 2004ல மார்க்சிஸ்ட், 2009ல திமுக, 2014ல திரும்ப பாஜக, 2019ல காங்கிரஸ். இருபது வருஷம், நாலு கட்சி. தமிழ்நாட்டுல பாஜகவோட முதல் எம்எல்ஏ 1996ல பத்மநாபபுரத்துல இருந்து போனாரு, அதுக்கு ஒட்டி இருக்கிற விளவங்கோட்டுல அடிக்கடி செங்கொடி ஜெயிச்சிருக்கு, கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா பிறந்த பூதப்பாண்டியும் நம்ம ஊருதான். 2011 சென்சஸ்ல இந்து 48.65 சதவீதம், கிறிஸ்தவம் 46.85, முஸ்லிம் 4.2. இந்த கணக்க வச்சுக்கிட்டு மதத்துக்கு மட்டுமே ஓட்டு போட்டிருந்தா எப்படி சார் இத்தன கட்சி ஜெயிக்கும்னு கேளுங்க. மதம் பாத்து ஓட்டு போடுறவங்க நம்ம ஊர்ல இல்லவே இல்லன்னு பொய் சொல்ல வேண்டாம், இருக்காங்க, தேர்தல் சமயம் எங்க தெருவுலயே கேக்கலாம். ஆனா மீன்பிடி படகுக்கு டீசல் மானியம், ரப்பர் விலை, நாலு வழிச்சாலை, துறைமுகம் வேணுமா வேண்டாமான்னு அடிச்சுக்கிட்டு போடுற ஓட்டும் நிறைய இருக்கு.

ஆபீஸ்ல

முதல் தடவ சிரிக்காதீங்க. இது என் தப்பு. ஒரு ஆபீஸ்ல எனக்கு மேல இருந்தவர் நான் உள்ள வந்தாலே "அல்லேலூயா வந்தாச்சு"ன்னு சொல்லுவாரு. முதல் நாள் சிரிச்சேன், புதுசு, பயம். அந்த ஒரு சிரிப்புக்கு ரெண்டு வருஷம் கேட்டேன். கடைசில ஒரு நாள் தனியா போய், கதவ சாத்திட்டு, "சார், அது எங்க வீட்ல சாகக் கிடந்தப்போ எங்க பாட்டி சொன்ன வார்த்த, அத மட்டும் விட்டுருங்க"ன்னு சொன்னேன். அவ்வளவுதான், நிறுத்திட்டாரு, நிஜமா வருத்தப்பட்டாரு. ரெண்டு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாம், சவம்.

எல்லார் முன்னாடியும் சொன்னா அவங்களுக்கு மானப்பிரச்சனை ஆயிரும், அதனால முதல் தடவ தனியா. ரெண்டாவது தடவயும் நடந்தா மெயில்ல எழுதுங்க, தேதி போட்டு. கிறிஸ்துமஸுக்கு கேக் எங்க, ரம்ஜானுக்கு பிரியாணி எங்கன்னு கேக்குறதுக்கெல்லாம் கோவப்படாதீங்க, வாங்கிக் குடுங்க, அவங்ககிட்ட முறுக்கு வாங்கி சாப்பிடுங்க.

வாட்ஸப் குரூப்

ராத்திரி பத்து மணிக்கு மேல பதில் போடாதீங்க. அபார்ட்மென்ட் குரூப்ல எங்க மதத்த பத்தி கேவலமா ஒரு பார்வேர்டு வந்தா நான் முதல்ல ஸ்கிரீன்ஷாட் எடுப்பேன், நம்பர் தேதி நேரம் தெரியுற மாதிரி. அப்புறம் தூங்கிருவேன். காலைல அனுப்புனவருக்கு தனியா ஒரு மெசேஜ், "அங்கிள், நேத்து நீங்க அனுப்புனத என் பொண்ணும் வாசிச்சா, அவ அந்த குரூப்ல இருக்கா." பாதி பேரு டெலிட் பண்ணிருவாங்க, வாசிக்காமலேதான் அனுப்பியிருப்பாங்க. சண்டைய மூட்டுற மாதிரி, அடிங்க வெட்டுங்கன்னு வந்தா அது வேற கதை, பாரதிய நியாய சன்ஹிதா 196வது பிரிவு இருக்கு, மதத்துக்கு மதம் பகைய தூண்டுனா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், மத உணர்வ வேணும்னே புண்படுத்துறதுக்கு 299 இருக்கு, பக்கத்து ஸ்டேஷன்லயோ மத்திய அரசோட சைபர் கிரைம் வெப்சைட்லயோ புகார் குடுக்கலாம். இது கடைசி வழி, சும்மா சும்மா எடுக்குற கத்தி இல்ல.

நம்ம சபை குரூப்லயும் அடுத்த மதத்துக்காரங்கள பத்தி வர்றது கொஞ்சமா? அங்க ஆமென் போட்டுட்டு இங்க அழக்கூடாது, பாத்துக்கிடுங்க. நான் அங்கயும் ஒருதடவ எழுதுனேன், ரெண்டு பேர் குரூப்ப விட்டு போனாங்க, ஒரு மாசம் என்ன பாத்து யாரும் சரியா சிரிக்கல.

நாமளும் ஓ போடுற ஆளுங்கதான்

போன தடவ இரணியல் ஸ்டேஷன்ல விடியக்காலம் இறங்கி ஆட்டோ பிடிச்சேன். கண்ணாடியில கோவமா முறைக்கிற அனுமார் ஸ்டிக்கர், கழுத்துல மாலை, நெத்தி நிறைய குங்குமம். எனக்குள்ள "ஓ" வந்துச்சு, பைக்குள்ள வெளிய நீட்டிட்டு இருந்த பைபிள உள்ள தள்ளுனேன், எனக்கே தெரியாம. தக்கலை வரைக்கும் வாய திறக்கல. இறங்குற இடத்துல பைய எடுத்து குடுக்கும்போது பாக்கெட்ல சிஐடியு கார்டு தெரிஞ்சுது, மார்க்சிஸ்ட் தொழிற்சங்கம். என் மூஞ்சிய பாத்து அவருக்கே சிரிப்பு. "என்னக்கா பாக்கிய, சங்கத்துல தோழர்னு கூப்பிடுவானுவ, மாலை போட்டுட்டு மதுரைக்கு சவாரி போனா சங்கின்னு கூப்பிடுவானுவ, எனக்கு சபரிமலைக்கும் போணும் சங்கத்துக்கும் சந்தா கட்டணும்." பத்து ரூபா சில்லறை வேண்டாம்னு சொன்னேன், அவரு விடல.

சிவராத்திரி அன்னைக்கு எங்க வீட்டு முன்னாடி சிவாலய ஓட்டக்காரங்க போவாங்க, பன்னிப்பாகத்துல இருந்து கல்குளத்துக்கு, காவி வேட்டி, கையில பனைஓலை விசிறி, சிவன் கோயிலுக்கு ஓடிட்டு "கோவிந்தா கோபாலா"ன்னு கத்திட்டு. எங்க பாட்டா சாகுற வரைக்கும் குடத்துல தண்ணி வச்சிட்டு ரோட்டோரம் நிப்பாரு, சபையில மூப்பரா இருந்தவர். நான் சென்னைல இருந்து அத மறந்துட்டேன், காவி துணிய பாத்தா ஒதுங்குற ஆளா ஆயிட்டேன்.

பிள்ளைங்களுக்கு

ஸ்கூல்ல என் பொண்ணுகிட்ட ஒருத்தி "நீங்க எங்க சாமிய பேய்னு சொல்லுவீங்களாமே"ன்னு கேட்டா. நான் சொல்லிக் குடுத்த பதில் ஒண்ணுதான், "எங்க வீட்ல யாரும் அப்படி சொன்னது இல்ல, நீ சனிக்கிழமை வீட்டுக்கு வா." வந்தா, கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிட்டா, மரச்சீனி கிழங்க முதல்தடவயா பாத்தாளாம், கேள்விய மறந்துட்டா. வயசு எட்டுன்னா இது நடக்கும், நாப்பதுன்னா நடக்குமான்னு கேக்காதீங்க.

எப்ப எழும்பி போகணும்

குரல் உசந்தா, சுத்தி இருக்கிறவங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க ஆரம்பிச்சா, "உங்களயெல்லாம்"னு பன்மையில பேச்சு வந்தா, அப்ப பதில் தேடாதீங்க. எழும்புங்க. பாத்ரூம் பக்கம் போங்க, டிடிஇ எங்கன்னு பாருங்க, ரயில்ல 139க்கு அடிக்கலாம், பொம்பள பிள்ள தனியா இருக்கேன், எதிர் சீட்டு ஆள் தொல்லை பண்றாருன்னு சொன்னா போதும், மதம் கட்சி எதுவும் விளக்க வேண்டியது இல்ல. வீட்டுக்கு ஒரு போன், கோச் நம்பர் பெர்த் நம்பரோட.

நான் ஒரு தடவ அப்படி மாறியிருக்கேன், விழுப்புரம் தாண்டி. டிடிஇ ரெண்டு கோச் தள்ளி ஒரு சைடு லோவர் காட்டுனாரு. போர்வைய விரிச்சு காலை நீட்டுனேன், எதிர்ல ஒரு பாட்டி, வெத்தலை இடிச்சுட்டு இருந்தவங்க நிமிந்து பாத்து கேக்குறாங்க, "எந்த ஊரு மக்ளே, பேரு என்ன?"